தீர்ந்த குறைகளும் தீராத குறைகளும்

புதிதாகச் சந்தைக்கு வரும் ஒரு கருவியின் குறைகளைப் பட்டியல் போடுவது சுலபம். அவற்றில் எவை நாளடைவில் தீர்ந்துபோகும், எவை நிலைத்து நிற்கும் என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி 2007-ஆம் ஆண்டு கொண்டுவந்த ஐபோன் விஷயத்தில் இது நன்றாகவே தெரிந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகம் செய்தார். ஜூன் 29-ஆம் தேதி விற்பனை தொடங்கியது. அன்று அதைக் குறை சொன்னவர்கள் ஏராளம். மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், விலையைக் கேட்டுச் சிரித்தார். எழுத்துப் பொத்தான்கள் இல்லாத இந்தக் கருவி வியாபார உலகத்துக்கு ஆகாது என்றார். பிறகு ஐபோன் உலகெங்கும் விற்றது. அதோடு, குறை சொன்னவர்கள் எல்லோரும் விஷயம் தெரியாதவர்கள் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு அபிப்பிராயங்களுமே அரைகுறையானவை. அன்று சொல்லப்பட்ட குறைகளில் அநேகமாக எல்லாம் உண்மை. பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிட்டன என்பதும் உண்மை. ஆனால், அன்று ஒரு முணுமுணுப்போடு விட்டுவிட்ட, அழகு என்றுகூடச் சிலர் பாராட்டிய வேறு சில குறைகள் தீரவே இல்லை. அவை மற்றக் கம்பெனிகளின் போன்களுக்கும் பரவின. இன்று ஐபோனைக் கண்ணால் பார்த்திராதவரின் சட்டைப் பையிலும் அந்தக் குறைகள் இருக்கின்றன.

விரலின் வெற்றி

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். தொடுதிரை போனை முதலில் செய்தது ஆப்பிள் அல்ல. 1994-ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். கம்பெனி 'சைமன்' என்ற போனை அமெரிக்காவில் விற்றது. அதில் தொடுதிரை உண்டு, நாட்குறிப்பு உண்டு, பேக்ஸ், மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தில் பாட்டரி தீர்ந்துவிடும். சுமார் 50,000 போன்கள் விற்றதோடு அதன் ஆயுள் முடிந்தது.

சைமனுக்குப் பிறகு வந்த தொடுதிரைக் கருவிகளில் பெரும்பாலானவை அழுத்தத்தால் வேலை செய்தன. மேலே மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கீழே இன்னொரு தகடு, நடுவில் இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடம் எது என்பதைக் கருவி தெரிந்துகொள்ளும். இதற்கு நகமோ, குச்சி போன்ற ஒரு பேனாவோ வேண்டும். அந்தப் பேனாவைத் தொலைப்பதே அன்றைய வாடிக்கையாளர்களின் முக்கிய வேலையாக இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தொட்டால் கருவி குழம்பிவிடும்.

ஐபோனில் திரை கண்ணாடி. அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் வலைபோல் ஓடுகின்றன. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் மாறுகிறது. அழுத்த வேண்டியதில்லை, பேனா வேண்டியதில்லை. இரண்டு விரல்கள் பட்டால் இரண்டையும் தனித்தனியே அது அறியும். இந்த முறையும் ஆப்பிளின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. எல்ஜி கம்பெனியின் 'பிராடா' போன் இதே முறையோடு அதே சமயத்தில் வந்தது. ஆனால் அந்தத் திரையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று முழுவதும் யோசித்தது ஐபோன்தான்.

படத்தைப் பெரிதாக்க இரண்டு விரல்களை விரித்தால் போதும். பட்டியலைத் தள்ளிவிட்டால் அது உருண்டு ஓடி, மெள்ள நிற்கும். போனைக் காதருகே கொண்டுபோனால் திரை தானே அணைந்துவிடும். கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாது. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் படமும் படுக்கும். எழுத்துப் பொத்தான்கள் திரையில் தேவைப்படும்போது மட்டும் தோன்றும்; தேவையில்லாதபோது அந்த இடம் முழுவதும் படத்துக்கோ செய்திக்கோ ஆகும். பால்மர் குறையாகச் சொன்ன அதே அம்சம்தான் கருவியின் பெரிய பலமாக அமைந்தது.

இதன் பலன் யாருக்கு? இயந்திரத்தைக் கண்டாலே ஒதுங்கும் வயோதிகருக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்காத குழந்தைக்கும். விளக்கப் புத்தகம் படிக்காமலே உபயோகிக்கக் கூடிய முதல் கம்ப்யூட்டர் இது என்று சொன்னால் மிகையாகாது. இன்று ரூ. 7,000-க்கோ 8,000-க்கோ கிடைக்கும் சாதாரணப் போனில் காய்கறி வியாபாரி பணம் பெறுகிறார், கட்டடத் தொழிலாளி ஊரிலுள்ள மனைவியின் முகம் பார்த்துப் பேசுகிறார் என்றால், அதற்கு வழி போட்டது 2007-ல் வந்த அந்தத் திரைதான்.

இல்லாதவை எத்தனை!

இவ்வளவு சாமர்த்தியமான கருவியில், சாதாரண விஷயங்கள் பல இல்லை. எழுதியதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் ஒட்ட முடியாது. வந்த குறுஞ்செய்தியை இன்னொருவருக்கு அப்படியே அனுப்ப முடியாது. படத்தைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப முடியாது. காமிரா 2 மெகாபிக்சல், வெளிச்சம் கொடுக்கும் பிளாஷ் கிடையாது, வீடியோ எடுக்காது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கிடையாது. வேகமான 3ஜி இணைப்பும் இல்லை. வெளியார் எழுதிய எந்தச் செயலியையும் சேர்க்க முடியாது. இசை கேட்கும் துளை உள்ளடங்கி இருந்ததால் கடையில் வாங்கும் சாதாரண இயர்போன் பலவும் அதில் நுழையவில்லை.

அதே 2007-ல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 போனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அதில் 5 மெகாபிக்சல் காமிரா, வீடியோ, ஜி.பி.எஸ்., 3ஜி, மெமரி கார்டு போட இடம், கழற்றி மாட்டும் பாட்டரி எல்லாம் இருந்தன. காகிதத்தில் இரண்டையும் எழுதிப் பார்த்தால் எவரும் நோக்கியாவைத்தான் வாங்குவார்கள்.

ஐபோனின் விலையும் குறைவல்ல. 4 ஜிபி போன் 499 டாலர், 8 ஜிபி போன் 599 டாலர். அதோடு ஒரே ஒரு டெலிபோன் கம்பெனியிடம் இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் செய்துகொள்ள வேண்டும். விற்பனை தொடங்கி இரண்டு மாதம் சொச்சத்தில் 8 ஜிபி போனின் விலையை 200 டாலர் குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததால், அவர்களுக்கு 100 டாலருக்குக் கடைச் சலுகை கொடுத்துச் சமாதானம் செய்ய நேர்ந்தது.

இந்தியாவுக்கு வந்த 3ஜி

அடுத்த ஆண்டு வந்த 'ஐபோன் 3ஜி'தான் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்த முதல் ஐபோன். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி ஏர்டெல், வோடபோன் கம்பெனிகள் அதை விற்றன. 8 ஜிபி ரூ. 31,000, 16 ஜிபி ரூ. 36,100. அமெரிக்காவில் அதே 8 ஜிபி போன் 199 டாலர், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் ரூ. 8,500. அங்கே மீதி விலையை மாதக் கட்டணத்தில் இரண்டு ஆண்டு காலம் வசூலித்தார்கள் என்பது வேறு விஷயம். இங்கே முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்தும், வாங்கிய கம்பெனியின் இணைப்பை விட்டு வேறு கம்பெனிக்கு மாற வழியில்லாமல் போனைப் பூட்டியே கொடுத்தார்கள்.

இதைவிட வேடிக்கை அதன் பெயர். 3ஜி என்று பெயர் வைத்த அந்தப் போன் வந்த நாளில் இந்தியாவில் 3ஜி சேவையே கிடையாது. அரசுத் துறையின் எம்.டி.என்.எல். அந்த ஆண்டு டிசம்பரில் டில்லியில் தொடங்கியது; பி.எஸ்.என்.எல். 2009-ல் வந்தது. தனியார் கம்பெனிகளுக்கு அலைவரிசை ஏலம் நடந்தது 2010-ல். அவர்களுடைய சேவை அந்த ஆண்டு நவம்பருக்குப் பிறகே ஒவ்வோர் ஊராக வந்தது. ஆக, 2008-ல் ஏர்டெல், வோடபோன் வாடிக்கையாளர் ரூ. 31,000 கொடுத்து வாங்கியது, ரயில் பாதை போடாத ஊரில் வாங்கிய ரயில் எஞ்சின் மாதிரிதான்.

மொழி விஷயமும் அப்படியே. தமிழில் எழுத அதில் பலகை இல்லை, கன்னடத்திலும் இல்லை. பெங்களூரில் வாழும் தமிழர் மகனுக்குத் தமிழில் ஒரு வரி அனுப்ப வேண்டுமானால் ஆங்கில எழுத்தில்தான் அனுப்ப வேண்டும்.

இந்த நாட்டு ஜனங்களைக் கணக்கில் வைத்துச் செய்த போன் எது என்றால், அது 2003-ல் வந்த நோக்கியா 1100. தூசி புகாத பொத்தான் விரிப்பு, மின்சாரம் போனால் உதவ டார்ச் விளக்கு, வழுக்காத பிடி. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. பாட்டரியைக் கழற்ற நகமே போதும். பாட்டரி போனால் தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் போனால் படம் எடுக்க முடியாது, வரைபடம் பார்க்க முடியாது. ஆனால் அதை வாங்கியவர்தான் அதற்குச் சொந்தக்காரர் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

பெங்களூர் செய்த கருவி

இந்த இடத்தில் பெங்களூர்க்காரர்கள் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஐபோனுக்கு முன்பே, விரலடங்கும் தொடுதிரைக் கம்ப்யூட்டர் ஒன்று இந்த ஊரில் உருவானது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் சாப்ட்வேர் கம்பெனியின் எஞ்சினியர்களும் 1998-ல் யோசித்து, 1999-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2001 ஏப்ரலில் 'சிம்ப்யூட்டர்' என்ற பெயரில் அதைக் காட்டினார்கள். இந்திய மொழி எழுத்துக்களைக் காட்டுவதும், அதைப் படித்துச் சொல்வதும் அதன் நோக்கங்கள். படிப்பறிவில்லாத கிராமவாசியும் உபயோகிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு முறையும் வைத்தார்கள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து 2004-ல் விற்பனைக்கு வந்த 'அமிடா' மாதிரியில், கருவியைச் சாய்த்தால் அதை உணரும் அமைப்புகூட இருந்தது. ஐபோனில் உலகம் வியந்த அதே அமைப்பு அது. மூன்று ஆண்டு முன்னதாகவே இங்கே வந்துவிட்டது.

அதன் வடிவமைப்பை மறைத்து வைக்கவில்லை. உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் படித்துச் செய்யலாம் என்று திறந்து வைத்தார்கள். இருந்தும் விற்றது சில ஆயிரங்களே. காரணங்கள் தெளிவு. அது போன் அல்ல. கறுப்பு வெள்ளைத் திரை உள்ளதே ரூ. 10,000-ஐ ஒட்டியது, வண்ணத்திரை உள்ளது ஏறத்தாழ ரூ. 20,000. பேனாவால் குத்திக் குத்தி வேலை வாங்க வேண்டும். சாதாரண மனிதருக்கு அது உடனே எதற்கு என்று புரியவில்லை. நோக்கம் உயர்ந்ததாக இருந்தால் மட்டும் ஜனங்கள் ஒரு கருவியை வாங்குவதில்லை. கையில் எடுத்த உடனே அது உதவ வேண்டும். ஐபோன் இதைப் புரிந்துகொண்டது, சிம்ப்யூட்டர் புரிந்துகொள்ளவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்ற சிம்ப்யூட்டரின் கொள்கை தோற்றுப்போனதாக எண்ணிவிடக் கூடாது. தோற்றது அந்தக் கருவிதான். கொள்கை ஏன் தேவை என்பது பிறகுதான் தெரிந்தது.

எளிதில் தீர்ந்தவை

ஐபோனின் குறைகளில் பெரும்பாலானவை மென்பொருள் சம்பந்தப்பட்டவை. போனை மாற்றாமல், உள்ளிருக்கும் நிரலை மட்டும் மாற்றி அவற்றைத் தீர்க்கலாம். அப்படியே தீர்த்தார்கள். 2008 ஜூலையில் செயலிக் கடை திறந்தது. முதல் நாளில் சுமார் 500 செயலிகள். எடுத்து ஒட்டுவதும், குறுஞ்செய்தியை மறுபடி அனுப்புவதும், 3ஜி போனுக்குப் படச் செய்தியும் 2009 ஜூனில் வந்தன. 3ஜி-யும் ஜி.பி.எஸ்.ஸும் இரண்டாவது மாதிரியிலும், வீடியோ மூன்றாவது மாதிரியிலும் வந்தன. தமிழ்ப் பலகை சில ஆண்டு தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது. விலை விஷயத்தை ஆண்ட்ராய்டு போன்கள் பார்த்துக்கொண்டன. அதே மாதிரித் திரை, நாலில் ஒரு பங்கு விலையில் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கியது.

இத்தனையும் தீர்ந்ததற்குக் காரணம், அவை விற்பனைக்கு இடைஞ்சலாக இருந்தன என்பதே. வாடிக்கையாளர் கேட்டார், போட்டிக் கம்பெனி கொடுத்தது, ஆப்பிளும் கொடுத்தாக வேண்டியிருந்தது. சந்தையின் நல்ல குணம் இது.

தீராதவை

கம்பெனிக்கு லாபம் தரும் குறைகளின் கதை வேறு. அவற்றில் முதலாவது பாட்டரி.

முதல் ஐபோனில் பாட்டரியைக் கழற்ற வழியில்லை. மூடி கிடையாது, உள்ளே பாட்டரியைப் பற்றவைத்தே இருந்தார்கள். 400 முறை முழுதாக மின்னேற்றம் செய்த பிறகு அதன் கொள்ளளவு 80 சதவீதம் இருக்கும் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. தினம் ஒரு தடவை மின்னேற்றினால் 400 நாள், அதாவது ஒரு வருஷமும் ஒரு மாத காலமும். அதற்குப் பிறகு தேய்ந்துகொண்டே போகும். மாற்ற வேண்டுமானால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் அதற்கு 79 டாலர் வாங்கினார்கள்.

பாட்டரி என்பது தேயும் பொருள். சைக்கிளுக்கு டயர் மாதிரி, செருப்புக்கு வார் மாதிரி. தேயும் பொருளை மாற்ற முடியாதபடி அடைத்து வைத்தால், அந்தப் பொருளின் ஆயுளே முழுக் கருவியின் ஆயுள் ஆகிவிடுகிறது. நல்ல திரையும் நல்ல காமிராவும் உள்ள போனைப் பாட்டரிக்காகத் தூக்கி எறிய நேர்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று போன் அணைந்துபோகாமல் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னது. அந்த விளக்கம் தொழில்நுட்பரீதியாகச் சரியானதே. ஆனால் அந்தச் சேதி போனுக்குச் சொந்தக்காரருக்கு அதுவரை தெரியாது. போன் கிழமாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்கள் எத்தனையோ பேர்; பாட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் போதும். கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-ல், தவறேதும் செய்ததாக ஒப்புக்கொள்ளாமல், 50 கோடி டாலர் வரை கொடுத்து அமெரிக்க வழக்குகளை முடித்துக்கொள்ளச் சம்மதித்தது.

இரண்டாவது, மெமரி கார்டு. எந்த ஐபோனிலும் அது கிடையாது. கொள்ளளவு அதிகம் வேண்டுமானால் அதிக விலையுள்ள போனைத்தான் வாங்க வேண்டும். மூன்றாவது, செயலிகளுக்கு ஒரே வாசல். செயலிக் கடை திறந்தது நல்லதே. ஆனால் கம்பெனியின் கடையைத் தவிர வேறு வழியில்லை. அங்கே நடக்கும் விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் கம்பெனிக்கு என்று ஆகிவிட்டது. நான்காவது, இயர்போன் துளை. முதல் மாதிரியில் உள்ளடங்கி இருந்ததை இரண்டாவது மாதிரியில் சரிசெய்தார்கள். 2016-ல் துளையையே எடுத்துவிட்டார்கள்.

ஆப்பிள் மட்டும் இப்படிச் செய்திருந்தால் வேறு போன் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்களும் இதையே பின்பற்றினார்கள். சாம்சங் கம்பெனியின் முதல்தரப் போனான கேலக்ஸி எஸ்5-ல் 2014 வரை பாட்டரியைக் கழற்றலாம், கார்டும் போடலாம். 2015-ல் வந்த எஸ்6-ல் இரண்டும் போய்விட்டன. இன்று மலிவு விலைப் போன்களிலும் முதுகு ஒட்டப்பட்டிருக்கிறது. சந்தை இங்கே குறையைத் தீர்க்கவில்லை, பரப்பியது.

மறுபக்க நியாயம்

அடைத்து வைப்பதற்கு நியாயம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூடி இல்லாவிட்டால் போன் மெல்லியதாக இருக்கும். அந்த இடத்தில் பெரிய பாட்டரியை வைக்கலாம். தண்ணீர் புகாமல் காப்பதும் சுலபம். மலிவான போலிப் பாட்டரி வெடிக்கும் அபாயமும் உண்டு. எல்லாச் செயலிகளையும் ஒரே கடையில் சோதித்து விடுவதால் மோசடிச் செயலிகள் குறைகின்றன என்பதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்த நியாயங்கள், அடைப்பதற்குத்தான் பொருந்தும். திறக்க விடாமல் தடுப்பதற்குப் பொருந்தா. கைக்கடிகாரத்திலும் தண்ணீர் புகுவதில்லை. ஆனாலும் கடிகாரக் கடைக்காரர் திருகைக் கழற்றிப் பாட்டரி மாற்றித் தருகிறார். போலிப் பாட்டரிக்குப் பயந்தால், அசல் பாட்டரியை நியாய விலைக்கு எல்லாக் கடைகளுக்கும் கொடுப்பதே மருந்து. அசலைக் கொடுக்க மறுத்துவிட்டுப் போலியைக் குறை சொல்வது, ரேஷன் கடையைப் பூட்டிவிட்டுக் கள்ள மார்க்கெட்டைத் திட்டுவது போன்றது. வெளியில் திரையை மாற்றினால், இது அசல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என அறிவிக்கும் முறையும் 2019 முதல் ஐபோன்களில் வந்தது. வாங்கியவருக்கு எச்சரிக்கை கொடுப்பது சரி. அந்த எச்சரிக்கையே ரிப்பேர்க்காரரின் பிழைப்பில் மண்ணைப் போடும் ஆயுதமாகிவிடக் கூடாது.

பாதிப்பு யாருக்கு?

புதுப் போனை ஆண்டுதோறும் மாற்றுகிறவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. அவர் விற்ற பழைய போனை வாங்குகிறவருக்குத்தான் பொருட்டு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், சென்னை ரிச்சி தெருவிலும், ஒரு மேஜை, ஒரு சூடு காற்றுக் கருவி, ஒரு பூதக்கண்ணாடி ஆகியவற்றோடு பிழைக்கும் ரிப்பேர்க்காரருக்குப் பொருட்டு. வேலை தேடி இந்த ஊருக்கு வந்த தமிழ் இளைஞர்களில் பலருக்கும் இந்தத் தொழில் சோறு போடுகிறது. இவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. போனைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவர்கள். பிரிக்க முடியாத போன் வந்தால் இந்தக் கல்வி நின்றுவிடும்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. 2017-ல் இதே பெங்களூரின் பீன்யாவில், விஸ்ட்ரான் கம்பெனியின் தொழிற்சாலையில் 'ஐபோன் எஸ்இ' பூட்டத் தொடங்கினார்கள். பிறகு கோலார் மாவட்டம் நரசாபுராவிலும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் அந்த வேலை பெருகியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடிய பிறகு, அந்த வட்டாரத்துக்கு இது பெரிய ஆறுதல். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அங்கே திருகு முடுக்குகிறார்கள், பாட்டரி பொருத்துகிறார்கள், திரையைச் சோதிக்கிறார்கள். காலையில் தொழிற்சாலையில் பாட்டரி பொருத்திய பெண், மாலையில் தன் சொந்தப் போனின் பாட்டரியைத் தானே மாற்ற முடியாது என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஒரு நாட்டின் கைகள் கருவியைப் பூட்ட மட்டும் பயன்பட்டால் போதாது. பிரித்துச் சரிசெய்யும் அறிவும் உரிமையும் அந்தக் கைகளுக்கு வேண்டும்.

செய்ய வேண்டியது

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது. சாதனங்களில் உள்ள சிறு பாட்டரிகளைச் சொந்தக்காரரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்பது, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி முதல் பொருந்தும் விதி. செயலிக் கடை விஷயத்திலும் அங்கே 2024-ல் சட்டத்தின் பலத்தால் வேறு வாசல்கள் திறந்தன. 17 ஆண்டு தீராத குறையைச் சந்தை தீர்க்கவில்லை. சட்டம்தான் தீர்க்கத் தொடங்கியது.

இந்தியாவும் சும்மா இருந்துவிடவில்லை. மத்திய நுகர்வோர் துறை 2022-ல் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு கம்பெனிகளின் ரிப்பேர் விவரங்களை ஒரே இடத்தில் காட்டும் இணையத்தளமும் தொடங்கியது. ஒரு போனைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் போடும் முறை குறித்து இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நட்சத்திரம் போடுவது போல, போன் பெட்டியின் மேலும் அந்த மதிப்பெண் இருந்தால் வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மதிப்பெண் மட்டும் போதாது. பாட்டரி, திரை, மின்னேற்றும் துளை ஆகிய மூன்றும்தான் போனில் அதிகமாகக் கெடுபவை. இவற்றின் அசல் பாகங்களையும், பிரிக்கும் முறையையும், தேவையான மென்பொருளையும் எந்த ரிப்பேர்க் கடைக்கும் நியாய விலையில், போன் விற்பனை நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இந்தியாவில் தயாரிக்க ஊக்கத்தொகை வாங்கும் கம்பெனிகளுக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். வரிப்பணத்தில் சலுகை பெறுகிறவர்கள் வரி கொடுக்கிறவருக்கு இந்தச் சலுகையைக் கொடுப்பது பெரிய காரியம் அல்ல.

வாங்குகிறவரின் கடமையும் உண்டு. கடையில் போனின் காமிரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறவர், பாட்டரி மாற்ற எத்தனை ரூபாய், எத்தனை நாள், எந்த ஊரில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2007-ல் எடுத்து ஒட்ட முடியவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் கிடைத்தது. பாட்டரியைப் பற்றி அதே சத்தத்தோடு கேட்டிருந்தால், அந்தக் குறையும் அன்றே தீர்ந்திருக்கக் கூடும். கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.